ரங்கூனிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோயில் நமக்குப் புதிதில்லை என்ற நினைப்போடுதான் பர்மாத் தமிழர்களாகிய நாம் மதுரைக்குக் கிளம்புகிறோம். காவடி எடுத்திருக்கிறோம், தீ மிதித்திருக்கிறோம், அங்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? நான் பார்த்த தவறுகளில் பாதி இந்த நினைப்பில் வந்தவை.

முதலில் லோஞ்சி. இங்கே அது மரியாதையான உடை. வாத்தியாரும் அதில்தான் வருகிறார், மந்திரியும் அதில்தான் வருகிறார், நாமும் காளி கோயிலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறோம். தமிழ்நாட்டில் அதன் பெயர் கைலி. வீட்டில் இருக்கும்போது கட்டுவது, வேலை செய்யும்போது கட்டுவது. என் பெரியப்பா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல அமரபுரா பட்டு லோஞ்சியைக் கட்டிக்கொண்டு அங்கே ஒரு பெரிய கோயில் வாசலில் போய் நின்றார். "வேட்டி கட்டிட்டு வாங்கய்யா" என்று காவலர் பணிவாகத்தான் சொன்னார். ஆனாலும் 70 வயதில், அவ்வளவு தூரம் வந்த மனிதருடைய முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. பெட்டியில் ஒரு வேட்டி வைத்திருந்தால் போதும். பெண்களுக்குப் புடவை, இல்லையென்றால் துப்பட்டாவோடு சுடிதார். தமெய்ன், அதாவது பர்மாவில் பெண்கள் கட்டும் லோஞ்சி, வேண்டாம்.

அடுத்தது நேரம். ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவுக்கு விடியற்காலையிலும் போகலாம், உச்சி வெயிலிலும் போகலாம். மீனாட்சியம்மன் கோயிலில் நண்பகல் 12:30 வாக்கில் நடை சாத்தினால், மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் ஊர் சுற்றிவிட்டு மத்தியானம் கோயிலுக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டால் சித்திரை வீதிக் கல் சூட்டில் நிற்க வேண்டியதுதான். அந்த இடைவேளையில் அறையில் படுத்து எழுந்து, மாலையில் போங்கள். முடிந்தால் இரவு பள்ளியறை பூஜை வரை இருங்கள். சுந்தரேசுவரரின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோகும் அந்தக் காட்சிக்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம்.

இன்னொரு பெரிய தவறு திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் நடக்கிறது. ஏப்ரல் நடுவில் நமக்குத் தொடர்ந்து லீவு. அங்கே சித்திரைத் திருவிழா. இரண்டும் ஒன்றாக வரும் என்று நம்பி டிக்கெட் எடுத்துவிடுகிறோம். திஞ்சான் தேதி பெரிதாக மாறாது. அழகர் வைகையில் இறங்குவதோ சித்ரா பௌர்ணமியை ஒட்டி. 2022-ல் அது ஏப்ரல் 16, 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு லீவு கேளுங்கள். திருக்கல்யாணம் அதற்குச் சில நாள் முன்னால் வரும். பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்ளும் நாள் அது. அம்மாவையும் அத்தையையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கோயிலுக்குள் செல்போன் கிடையாது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது, அதற்கு அடுத்த மாதமே தடை வந்துவிட்டது. போனை வெளியே ஒப்படைக்க வேண்டியிருப்பதால் உள்ளே கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட்டுத் தேட முடியாது. பொற்றாமரைக் குளத்துப் படியில் சந்திப்போம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மதுரையில் அம்மனைத்தான் முதலில் கும்பிட வேண்டும், சுவாமி சன்னதி பிறகு. மிச்சமான குங்குமத்தையும் திருநீற்றையும் தூண் சிற்பங்களில் கொட்டாதீர்கள். ஒரு காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

நம் பிள்ளைகள் அங்கே போய் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு கனக்கிறது. பேச்சில் பர்மியச் சொல் கலந்துவிடுமே என்று கூச்சப்படுகிறார்கள். கலந்தால் கலக்கட்டும். "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டு, பர்மாவிலிருந்து வருகிறோம் என்று சொன்னால், "எங்க தாத்தாகூட ரங்கூன்ல இருந்தவருதான்" என்று நாலு பேர் சொல்லுவார்கள். மியான்மர் என்றால் அந்தப் பேச்சு அவ்வளவு எளிதில் வராது.

கடைசியாக ஒன்று, இதில்தான் மனம் அதிகம் உடைகிறது. மதுரை வரை போய்விட்டு, பக்கத்தில் இருக்கும் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். தாத்தாவின் பழைய கடிதத்தில் "ராமநாதபுரம் ஜில்லா" என்றுதான் இருக்கும். அந்த மாவட்டத்தை 1985-ல் பிரித்துவிட்டார்கள். அந்த ஊர் இன்று சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கலாம். ஜில்லா பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் வேறு திசைக்குப் பஸ் ஏறிவிடுவீர்கள். கிளம்புவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஊர்ப் பெயர், தாலுகா அல்லது பக்கத்துச் சந்தை ஊர், குலதெய்வத்தின் பெயர். ஊரில் உறவு யாரும் இல்லாமல் போயிருந்தாலும், குலதெய்வத்தின் பெயரைச் சொன்னால் அந்தக் கோயிலின் பூசாரி பங்காளிகள் யார் என்று காட்டுவார்.