மென்மையான டொமினிக்கன் சுருட்டை ரசிக்க

டொமினிக்கன் குடியரசின் சந்தியாகோவில் தயாராகும் மக்கனூடோ கஃபே போன்ற மென்மையான சுருட்டுக்குப் பொறுமைதான் முக்கியம். மேலே சுற்றியிருக்கும் வெளிர்பழுப்பு கனெக்டிகட் வகைப் புகையிலை மிக மெல்லியது. வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் சிறு இலைத் துண்டான தொப்பியை மட்டும் நறுக்குங்கள். கொஞ்சம் தள்ளி வெட்டினாலும் இலை பிரிந்துவிடும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த வாடை சுருட்டில் ஏறிவிடும். நீளமான தீக்குச்சியைக் கொளுத்தி, மருந்து எரிந்து முடிந்ததும் சுருட்டின் மறு நுனிக்குச் சற்றுக் கீழே பிடித்து, சுருட்டைத் திருப்பித் திருப்பி விளிம்பு முழுக்கச் சிவக்க விடுங்கள்.

அப்புறம் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். பாலேடு போன்ற அந்த மென்சுவை போயே போய்விடும். புகை வாயோடு நிற்கட்டும், நெஞ்சுக்குள் இழுக்கவே கூடாது. கடைசிப் பகுதியில் காரம் கூடும். பிடிக்கவில்லையென்றால் நசுக்காமல் சாம்பல் தட்டில் வைத்துவிடுங்கள், தானே அணையும்.