தெரபி நம் பகுதிக்கே வர வேண்டும்: வடசென்னைப் பெற்றோர் கூடிக் கேட்பதற்கு ஒரு வழிகாட்டி

வடசென்னையில் ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கு முதல் பிரச்சினை தூரம். நல்ல சென்டர் எது என்று கேட்டால் அண்ணா நகர், அடையாறு என்பார்கள். இல்லையென்றால் ஈசிஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் தேசிய நிறுவனத்தைச் சொல்வார்கள். காலடிப்பேட்டையிலிருந்து முட்டுக்காடு போய்த் திரும்பினால் அன்றைய பொழுது முடிந்தது. பஸ்ஸிலேயே களைத்துப்போன பிள்ளை அங்கே போய் என்ன கற்றுக்கொள்ளும்?

நான் வீட்டிலிருந்து ப்ளவுஸ் தைக்கிறவள். மகனுக்கு ஒன்பது வயது. காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் இருக்கிற சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறோம். புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆட்களை எங்கே தேடுவது?

அரசு மருத்துவமனை ஓபி வரிசைதான் முதல் இடம். அடுத்தது, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம். அங்கே சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். அங்கன்வாடி டீச்சருக்கும் எந்த வீட்டில் பேச்சு வராத பிள்ளை இருக்கிறது என்று தெரியும். ஆனால் அவர் மூலமாக நேராக வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள். உங்கள் நம்பரை அவரிடம் கொடுங்கள். விருப்பம் இருந்தால் அந்த அம்மாவே கூப்பிடட்டும். அக்கம்பக்கத்தில் இன்னும் யாரிடமும் சொல்லாத குடும்பங்கள் நிறைய.

முதல் கூட்டத்தில் ஒன்றை உரக்கச் சொல்லிவிடுங்கள். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு. செல்போன் கொடுத்ததால் வரவில்லை, தடுப்பூசியால் வரவில்லை, அம்மா வேலைக்குப் போனதால் வரவில்லை. மாமியார் வீட்டிலும் சொந்தக்காரர் கல்யாணத்திலும் இந்தப் பழியைக் கேட்டுக் கேட்டே பாதிப் பேர் குனிந்த தலையோடு வருகிறார்கள். அது இறங்கினால்தான் மற்ற வேலை நடக்கும்.

அப்பாக்களைக் கொண்டுவருவது கஷ்டம். காசிமேட்டுக் குடும்பங்களுக்கு நாங்கள் கண்ட வழி மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அண்ணன்மார் கரையில் இருப்பார்கள். தெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்கிற வகுப்புகளை அந்த இரண்டு மாதத்தில் வையுங்கள். அதே இரண்டு மாதம் அந்த வீடுகளில் வருமானம் இருக்காது, அதனால் குழுவின் சந்தாவை அப்போது கேட்காதீர்கள்.

கூட்டத்துக்கு மைக் வேண்டாம். வாசல் கதவைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பிள்ளைகளோடு இருக்க இரண்டு பேர் என்று முன்கூட்டியே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். நம் பிள்ளைகளில் பலர் கண்மூடித் திறப்பதற்குள் ரோட்டுக்கு ஓடிவிடுவார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடுவது எல்லோருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்றே விதிகள்: பிள்ளைகள் அழும் வீடியோ போடக்கூடாது, சர்ட்டிபிகேட் படம் போடக்கூடாது, 'குணமாகிவிடும்' என்று சொல்லும் விளம்பரத்தைப் பகிரக்கூடாது. மூன்றாவதில் கண்டிப்பாக இருங்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் சரியாகும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. தாலியை அடகு வைக்கத் தயாராக நிற்கும் அம்மாவிடம் இதைச் சொல்லக் குழுவில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு, பிள்ளை அழுது கத்தும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் எழுத. அதில் மூன்று பத்தி: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம். பிள்ளையின் நடத்தைக்குக் காரணம் பார்த்துப் பழக்குகிற பிஹேவியர் தெரபியின் அடிப்படையே இந்த மூன்று பத்திதான். அளவெடுக்காமல் யாரும் துணியை வெட்டுவதில்லை. நோட்டு இல்லாமல் தெரபியும் தொடங்கக்கூடாது.

எங்கள் குழுவில் ஒரு பெண்குழந்தை. சாயங்காலம் ஆனால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும். பிடிவாதம், அடித்தால் சரியாகும் என்றார்கள் வீட்டில். அவள் அம்மா சில வாரம் நேரத்தோடு எழுதினார். தலை மோதல் வந்த நாளிலெல்லாம் முதல் பத்தியில் ஒரே விஷயம் இருந்தது: ஹவுஸ் ஓனர் சம்ப் மோட்டார் போட்டிருந்தார். அந்தச் சத்தம் அந்தச் சுவரில்தான் அதிரும். எல்லோருமாகப் போய் ஓனரிடம் பேசினோம், குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மோட்டாரை மாற்றிக்கொண்டார். அப்புறம் தெரபிஸ்ட் அவளுக்குக் காதைப் பொத்திய படம் உள்ள ஒரு அட்டையைக் காட்டக் கற்றுக்கொடுத்தார். அட்டையைக் காட்டினால் யாராவது அவளை அந்த அறையிலிருந்து வெளியே கூட்டிப்போக வேண்டும், அதுதான் ஒப்பந்தம். இப்போது சாவு ஊர்வல வெடிச் சத்தத்துக்கும் அவள் அதே அட்டையை எடுக்கிறாள்.

எந்தத் தெரபியைக் கேட்பது?

தெரபி வேண்டும் என்று போராடுவதற்கு முன்னால், எது தெரபி என்பதில் குழுவுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். சின்ன வயதில் பிஹேவியர் தெரபிக்குப் போய் இன்று பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், அது தங்களைக் காயப்படுத்தியது என்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள். கையை ஆட்டாதே, கண்ணைப் பார், அசையாமல் உட்கார் என்று மணிக்கணக்கில் பழக்கியதைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் கேட்டே ஆக வேண்டும். நம் பிள்ளையால் சொல்ல முடியாததைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் குழுவின் முடிவு இது. பசி, வலி, வேண்டாம் என்பதைச் சொல்லும் வழி, டாய்லெட், ரோட்டில் பாதுகாப்பு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பது, இவற்றுக்குத் தெரபி கேட்போம். கையை ஆட்டுவது யாருக்கும் தொந்தரவில்லை. அதை நிறுத்தக் காசு கொடுக்க மாட்டோம்.

சென்டருக்குப் போனால் இவற்றைக் கேளுங்கள். பெற்றோர் உள்ளே உட்காரலாமா? அடுத்த மூன்று மாதத்துக்கான இலக்கை எழுதிக் கொடுப்பீர்களா? பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்? அடிப்பது, கட்டி வைப்பது, சாப்பாட்டைக் காட்டி மிரட்டுவது உண்டா? சிறப்புப் பயிற்றுநர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவு எண் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். சென்டர் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்றும் கேட்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிற இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

தனியாகக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் நான்கைந்து வீடு சேர்ந்து ஒரு தெரபிஸ்ட்டை நம் பக்கத்துக்கே வரவழைக்கலாம். பாதி நேரம் பிள்ளையோடு, பாதி நேரம் நமக்குக் கற்றுக்கொடுக்க என்று பேசிக்கொள்ளுங்கள். அவர் வராத நாட்களில் பிள்ளையோடு இருப்பது நாம்தானே.

காகிதங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி இல்லாத வீட்டுக்கு முதலில் அதை வாங்கிக்கொடுங்கள். மதிப்பீட்டுக்கு ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்வி அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம் என்று கணக்கு. 107-லிருந்து நடுத்தரம், 153-க்கு மேல் கடுமை. டாக்டர் கேள்வி கேட்கும்போது பதற்றத்தில் 'அதெல்லாம் செய்வான் சார்' என்று சொல்லிவிடுவோம். நோட்டைக் கையில் வைத்துப் பதில் சொல்லுங்கள். சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும்.

ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பு நேஷனல் டிரஸ்ட். அதன் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. ஓபி செலவும் தெரபிச் செலவும் அதில் அடங்கும், ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. டிரஸ்ட்டில் பதிவு பெற்ற அமைப்பு மூலம் சேர வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பில்களைத் தேதிவாரியாகக் கோத்து வைக்கும் பொறுப்பைக் குழுவில் ஒருவர் எடுத்துக்கொண்டால் எல்லோருக்கும் உதவி. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பிள்ளைக்கும் கூட வருகிறவருக்கும் இலவசம், அப்பா கூட்டிப் போனாலும்தான்.

மனு

'எங்கள் பிள்ளைகளுக்கு நல்லது செய்யுங்கள் ஐயா' என்று மனு எழுதினால் பதில் வராது. எந்த அதிகாரி, எந்த வேலையை, எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களை அரசு திறந்து வருகிறது. ஆகவே கோரிக்கை இப்படி இருக்கலாம்:

'பொருள்: தண்டையார்பேட்டை மண்டலத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி வசதி கோருதல். எங்கள் குழுவில் உள்ள குழந்தைகளின் வயதும், தற்போது பயிற்சிக்குச் செல்லும் இடமும், பயண நேரமும் இணைப்பில் உள்ளன. விழுதுகள் மையத்தின் மூலம் வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி) ஆகியவற்றை எங்கள் மண்டலத்திலேயே வழங்கவும், பெற்றோருக்கு மாதம் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தவும் கேட்டுக்கொள்கிறோம்.'

இணைப்பில் பிள்ளையின் பெயர் வேண்டாம், வயதும் தெருவும் போதும். பயண நேரம்தான் அந்தப் பட்டியலின் பலம். ஆறு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத் தெரபிக்கு நான்கு மணி நேரம் பஸ்ஸில் இருக்கிறது என்பதைப் படித்துவிட்டு யாரும் சும்மா கையெழுத்துப் போட்டு நகர முடியாது.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம். ஒரு நகலைக் காமராஜர் சாலையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகத்தில் கொடுங்கள். ஒப்புகை எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த வரிசையும் இரைச்சலும் அவர்களுக்கு வேதனை. அதிகாரி மனம் இரங்குவதற்காகப் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தராமல் தட்டிவிடலாம். எங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, எங்கள் மண்டலத்துக்கான சேவை மையத்துக்கு எந்த இடம் தேர்வாகியிருக்கிறது, அந்த ஆணையின் நகல் என்று கேளுங்கள். வருகிற பதிலை அடுத்த மனுவோடு இணையுங்கள். கவுன்சிலரிடமும் அதே நகலோடு போங்கள். வார்டில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் எது என்று அவருக்குத்தான் தெரியும், இடம் கேட்பது அவரிடம்தான்.

பள்ளி சேர்க்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவில் உள்ள உரிமை. எழுதித் தரச் சொன்னதுமே பேச்சு மாறிவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சங்கமாகப் பதிவு செய்ய அவசரப்பட வேண்டாம். மனு கொடுக்கப் பதிவு தேவையில்லை. வெளியிலிருந்து பணம் வாங்கும் நிலை வரும்போது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ், குறைந்தது ஏழு பேரோடு, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். அதுவரை வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, மாதா மாதம் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். கணக்கு எழுதுகிறவரும் பணம் வைத்திருப்பவரும் வெவ்வேறு வீட்டுக்காரராக இருக்கட்டும்.