காட்டுச் சண்டை மீன்: பிடிக்கும்போதும் வளர்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பாகான் செராய் பக்கம் தோட்டம் முடிகிற இடத்தில் வயல் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலில்தான், பள்ளி விட்டு வந்ததும் சண்டை மீன் பிடிப்போம். மலாய்ப் பிள்ளைகள் அதை இக்கான் லாகா என்பார்கள். ஒரு பழைய கூடை போதும். புல்லோரமாக அழுத்தித் தூக்கினால் சேற்றோடு சேர்ந்து பச்சையாக ஏதோ ஒன்று மின்னித் துள்ளும். அதை ஊறுகாய்ப் போத்தலில் போட்டு, குழாய்த் தண்ணீர் பிடித்து, வெயில் விழும் படியில் வைப்போம். மறுநாளே நிறம் வெளிறிவிடும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் செத்துப்போகும். மறுபடியும் வாய்க்காலுக்கு ஓடுவோம்.

இன்று நல்ல தொட்டி, நல்ல விளக்கு எல்லாம் வைத்திருப்பவர்களிடமும் இதே கதையைக் கேட்கிறேன். காரணமும் பெரும்பாலும் அதேதான். மீனைப் பார்த்தார்கள், அது இருந்த தண்ணீரைப் பார்க்கவில்லை.

எல்லாம் ஒரே மீன் என்று நினைப்பது

சண்டை மீன் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் தீபகற்ப மலேசியாவில் மட்டுமே குறைந்தது மூன்று விதமான வாழ்க்கை வாழும் சண்டை மீன்கள் இருக்கின்றன.

வயல், வாய்க்கால், தேங்கிய குட்டை ஆகியவற்றில் இருப்பது பெட்டா இம்பெல்லிஸ். நாங்கள் சின்ன வயதில் பிடித்தது இதுதான். உடம்பில் நீலப்பச்சைச் செதில், வாலில் பிறை போல ஒரு சிவப்பு. நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். மலையடிவார ஓடைகளில் இருப்பது பெட்டா பக்நாக்ஸ். பழுப்பு நிறம், பெரிய தலை, 10 செ.மீ. வரைகூட வளரும். இது கூடு கட்டாது. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். மூன்றாவது, பீட் எனும் பாதி மக்கிய இலைதழை மண்டிய சதுப்புக் காடுகளின் கறுப்புத் தண்ணீரில் இருக்கும் மூன்று, மூன்றரை செ.மீ. மீன்கள். வட சிலாங்கூரில் பெட்டா லிவிடா, ஜொகூரின் ஆயர் ஹீத்தாம் வட்டாரத்தில் பெட்டா பெர்செஃபோன் எனச் சில இனங்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு வட்டாரத்தில் மட்டும். ஆயர் ஹீத்தாம் என்றாலே மலாயில் கறுப்புத் தண்ணீர்தான்.

இந்தக் குழப்பம் அறிஞர்களுக்கும் வந்திருக்கிறது. சயாமில் சண்டைக்கு விட்ட மீனையும் பினாங்கு ஓடை மீனையும் இயற்கை ஆய்வாளர் தியோடோர் கான்டர் 1849-இல் பக்நாக்ஸ் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார். பக்நாக்ஸ் என்றால் சண்டைக்காரன். 1910-இல்தான் மீனியல் அறிஞர் டேட் ரீகன் இரண்டும் வேறு என்று கண்டு, சயாம் மீனுக்கு ஸ்பிளெண்டென்ஸ் என்று பெயர் வைத்தார். சண்டைக்காரன் என்ற பெயர் அமைதியான ஓடை மீனோடு தங்கிவிட்டது. அதனால் பெயரை நம்பித் தொட்டி அமைக்காதீர்கள். எந்த மாதிரித் தண்ணீரில் கிடைத்தது என்பதைக் கேளுங்கள்.

கண்டதும் வலை போடுவது

வயலோரம் போனால் முதல் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். புல் மடிந்து தண்ணீரில் படிந்த இடத்தில், இலைக்கு அடியில், சிறு நுரைக் கொத்து தெரியும். அதன் கீழே ஆண் மீன் நிற்கும். முட்டையோ, வால் தொங்கும் குஞ்சோ நழுவி விழுந்தால் உடனே கீழே பாய்ந்து, வாயில் கவ்வி எடுத்து, நுரைக்குள் திரும்பவும் ஊதி வைக்கும். நாள் முழுக்க இதே வேலை. அந்த ஆணைத் தூக்கிவிட்டால் கூடு சிதைந்துவிடும், முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். கண்ணுக்கு அழகாகத் தெரிவதும் கூட்டின் கீழ் நிற்கும் ஆண்தான், வலையில் எளிதாக மாட்டுவதும் அதுதான். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

ஓடையில் பக்நாக்ஸ் பிடித்தால் தொண்டையைப் பாருங்கள். தாடை உப்பி, வாய் இறுக மூடியிருந்தால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. ஏறக்குறைய இரண்டு வாரம் அந்தத் தகப்பன் சாப்பிடாமல் சுமக்கும். பயந்துவிட்டால் துப்பிவிடும், இல்லை விழுங்கிவிடும். வலையைத் தண்ணீரிலேயே சாய்த்து வெளியே விடுங்கள்.

எத்தனை மீன் எடுக்கலாம்? ஆணும் பெண்ணுமாக இரண்டு ஜோடிக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. வயலில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், பரவாயில்லை. ஆனால் பீட் சதுப்பில் ஒரு இனத்துக்கு மிச்சம் இருப்பது செம்பனை நடாமல் விட்ட சில துண்டுக் காடுகள் மட்டும்தான். அங்கே பிடித்துப் பழகாதீர்கள். தொட்டியில் பிறந்த குஞ்சுகள் வளர்ப்பவர்களிடம் கிடைக்கும். வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் உங்கள் உயிர். மலை ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். மேலே மழை பெய்து கெப்பாலா ஆயர் எனும் திடீர் வெள்ளம் வருகிறது என்று அர்த்தம். காலில் புண் இருந்தால் வாய்க்காலில் இறங்காதீர்கள், எலிக் காய்ச்சல் தொற்றும்.

வழியிலேயே கொல்வது

பையை நிறையத் தண்ணீரால் நிரப்புவது பெரிய தவறு. சண்டை மீனுக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. ஒரு பைக்கு ஒரு மீன், பை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. நிழலில், மூடிய பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் அரை மணி நேரம் போதும், தண்ணீர் சுட்டுவிடும். பிடித்த இடத்துத் தண்ணீரையே ஐந்து லிட்டர் கூடவே எடுத்து வாருங்கள்.

நிறத்தைத் தண்ணீர் என்று நம்புவது

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பீட் சதுப்பின் தண்ணீர் தே-ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்தில் இருக்கும். விழுந்த இலையும் மரமும் முழுக்க மக்காமல் ஊறி ஊறி வந்த நிறம் அது. பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4, சில இடங்களில் அதற்கும் கீழே. கரைந்த உப்பும் சுண்ணாம்பும் ஏறக்குறைய இல்லை. பாக்டீரியாக்கள் அதிகம் பெருக முடியாத தண்ணீர் என்பதால், அங்கே பிறந்து வளர்ந்த மீனுக்கு நம் குழாய்த் தண்ணீர் நோய்க்கிருமிகள் நிறைந்த இடம்.

சரி, கெத்தாபாங் (நாட்டு வாதுமை) இலையைப் போட்டால் போதாதா? போதாது. குழாய்த் தண்ணீரில் இலை போட்டால் நிறம் வரும். ஆனால் அதில் கார்பனேட் கூடுதலாக இருந்தால் இலையின் அமிலத்தை அது விழுங்கிவிடும். பார்க்கக் காட்டுத் தண்ணீர் போல இருக்கும், பி.எச். 7-இலேயே நிற்கும். வாங்கியவர் இலைமேல் இலையாகப் போட்டுக்கொண்டே இருப்பார், மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும். முதலில் தண்ணீரை வெறுமையாக்க வேண்டும். மழை நின்று பெய்கிற நாளில், முதல் கால் மணி நேரத்தை விட்டுவிட்டுப் பிடித்த மழைநீர் நல்லது, இல்லையென்றால் உப்பை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர். அதில் இலையைப் போட்டால் இரண்டு நாளில் பி.எச். இறங்குவதை நீங்களே அளந்து பார்க்கலாம். தொட்டியில் கிளிஞ்சல், பவளத்துண்டு, சுண்ணாம்புக்கல் எதுவும் கூடாது.

வயல் மீன் இம்பெல்லிஸ் இவ்வளவு கேட்காது. குளோரின் போக்கிய சாதாரணத் தண்ணீரிலேயே நன்றாக இருக்கும். பக்நாக்ஸுக்குக் கறுப்புத் தண்ணீரைவிட, மெல்ல ஓடும் சுத்தமான தண்ணீர் முக்கியம். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் செய்வதுகூடத் தவறுதான்.

எந்த மீனானாலும் பையிலிருந்து நேரே கொட்டாதீர்கள். சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீரைக் கலந்து ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் தனித் தொட்டி. இரவில் விளக்கணைத்து டார்ச்சை மீனின் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பொன் தூள் தூவியது போலத் தெரிந்தால் அது வெல்வெட் என்னும் ஒட்டுண்ணி நோய், வெறும் மினுமினுப்பு அல்ல.

மூடி, தீனி

மூடி இல்லாத தொட்டியில் காட்டு மீன் தங்காது. கம்பி நுழையும் ஓட்டை வழியாகக்கூடக் குதித்துவிடும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். மூடி இருந்தால் நீருக்கு மேலே உள்ள காற்றும் ஈரமாக, சூடாக இருக்கும்; குஞ்சுகளுக்கு அது மிகவும் தேவை. குருணைத் தீனியை முதல் நாளிலேயே போட்டு, தின்னவில்லை என்று இன்னும் அள்ளிப் போடாதீர்கள், அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கொசுப்புழு, தண்ணீர்ப்பூச்சி, ஆர்டீமியா (பொடி இறால் போன்ற உயிரி) போன்ற உயிருள்ள தீனியில் தொடங்குங்கள். இம்பெல்லிஸ் என்றால் லத்தீனில் போர் விரும்பாதது என்று பொருள்தான். ஆனாலும் சிறு தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் ஒன்றின் வால் கிழியும்.

கலப்பதும் திருப்பி விடுவதும்

கடையில் விற்கும் நீள வால் மீன் மனிதர் கையில் குறைந்தது 1000 ஆண்டுகளாக வளர்ந்து வந்தது என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. அதை இம்பெல்லிஸோடு சேர்த்தால் குஞ்சு பிறக்கும், அந்தக் குஞ்சுக்கும் குஞ்சு பிறக்கும். ஆபத்தே அதுதான். கலப்பு மீனை வீட்டுப் பக்கத்து வாய்க்காலில் விட்டால் அந்த வாய்க்காலின் மீன் சில தலைமுறைகளில் வேறு மீனாகிவிடும். கலக்காத மீனையும் திருப்பி விடக் கூடாது. தொட்டியில் தொற்றிய கிருமியும் சேர்ந்து போகும்.

என் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். இனம், பிடித்த இடம், தேதி. ஒரே இனமானாலும் இரண்டு ஊர் மீன்களை ஒன்றாகப் போடுவதில்லை. குஞ்சுகள் பெருகினால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கிறேன், அந்தச் சீட்டையும் பார்த்து எழுதி, பையோடு சேர்த்து.