ஆய்வுக்கூடத்துக்கு மென்பொருள்: கேட்காமல் விட்ட கேள்விகள்

ஒரு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு, மாதிரிகளைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்று செய்து கொடுத்தோம். ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான கைடோடு இரண்டு தடவை உட்கார்ந்து பேசி, அவர் சொன்னதையெல்லாம் எழுதி, கையெழுத்தும் வாங்கியாயிற்று. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஆய்வு மாணவர்களான ஸ்காலர்கள் பழைய எக்செல் ஷீட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக எங்கள் மென்பொருளில் ஏற்றிவிடுவார்களாம், கைடு பார்ப்பதற்காக.

முதல் தவறு அங்கேயே தெரிந்துவிட்டது. கைடுக்கு வேண்டியது ரிப்போர்ட். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்து பெட்டியை எடுப்பவர் வேறு ஆள். கையில் கையுறை, கதவை அதிக நேரம் திறந்து வைக்கவும் முடியாது. அவரிடம் போய் 11 கட்டங்களை நிரப்பு என்றால் எப்படி நிரப்புவார்? பார்கோடு ஸ்கேனர் ஒன்று போதும் என்று அவரே சொல்லியிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது தவறு, ‘என்னென்ன வசதி வேண்டும்?’ என்று கேட்பது. அந்த எக்செல் ஷீட்டில் சில கட்டங்கள் மஞ்சளாக இருந்தன. இது என்ன என்றேன். “அது சும்மா சார்” என்றார் ஸ்காலர். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. மஞ்சள் என்றால் அளவில் சந்தேகம், திரும்ப எடுக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் திரும்ப எடுத்தும் அதே அளவுதான் வந்தது. எழுத்தும் எண்ணும் மட்டுமே தங்கும் சிஎஸ்வி கோப்பாக மாற்றி ஏற்றியபோது நிறமெல்லாம் போய்விட்டது, சந்தேகமும் அதோடு போனது. எத்தனை மீட்டிங் போட்டாலும் இது வெளியே வந்திருக்காது. ‘நேற்று எடுத்த அளவை எங்கே எழுதினீர்கள், காட்டுங்கள்’ என்று கேட்டிருந்தால் வந்திருக்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: ‘தவறான மதிப்பை ஏற்கக் கூடாது’ என்று தேவைப் பட்டியலில் எழுதிவிடுவது. கடையில் பில் போடும் மென்பொருளுக்கு இது சரி. ஆராய்ச்சியில் எது தவறு, எது கண்டுபிடிப்பு என்று அன்றைக்கே யாருக்குத் தெரியும்? நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதல் ஓசோனை அளந்துவந்தது. 180 டாப்சன் அலகுக்கு (ஓசோனை அளக்கும் அலகு) கீழே வந்த அளவுகளைச் சந்தேகத்துக்குரியவை என்று அதன் மென்பொருள் குறியிட்டது. 1985இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜோ ஃபார்மன் குழுவினர், அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடாவில் தரையிலிருந்து எடுத்த அளவுகளை வைத்து ஓசோன் சரிவை அறிவித்தார்கள். செயற்கைக்கோளின் மென்பொருள் அந்த அளவுகளைத் தூக்கி எறிந்துவிட்டது என்று இன்றும் ஒரு கதை சுற்றுகிறது. எறியவில்லை, குறியிட்டுப் பத்திரமாக வைத்திருந்தது. அதனால்தான் ஓசோன் ஓட்டை எவ்வளவு அகலம் என்று நாசாவால் பின்னால் படமாகவே காட்ட முடிந்தது. அந்த ஸ்காலரின் மஞ்சள் கட்டமும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

அதற்காக எக்செல்லே போதும் என்று விட்டுவிடவும் முடியாது. மார்ச்1, செப்ட்2 என்று பெயர் கொண்ட மரபணுக்களை அது தேதியாக மாற்றி, ஆய்வாளர்களைப் பல வருடம் படுத்தியது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, இப்போதுள்ள ஷீட் எங்கே காலை வாரியது என்றும் கேட்டு வையுங்கள்.

அப்புறம், கையெழுத்து வாங்கியதோடு தேவைகள் முடிந்தன என்று நினைப்பது. சோதனை முறை நடுவில் மாறும். மாறினால் புதுக் கட்டம் சேர்க்க எங்களைக் கூப்பிட வேண்டிய நிலை இருக்கக் கூடாது. பழைய பதிவுகள் எந்த முறையில் எடுக்கப்பட்டவை என்பதும் அழியக் கூடாது. ஸ்காலர் பட்டம் வாங்கிப் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். யாரும் இல்லை என்பதுதான் பெரும்பாலும் பதில். அப்படியென்றால் சின்னதாகச் செய்யுங்கள்.

எங்கள் இரண்டாவது பதிப்பில் சந்தேகத்துக்கென்று ஒரு பொத்தான் வைத்தோம். ‘மறு ஆய்வு நிலுவை’ என்று அதற்குப் பெயர். ஸ்காலர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மஞ்சள்னே போடுங்க சார்.”