அக்கா தங்கை இடம் மாறும் கிறிஸ்துமஸ் குறும்படம் எடுப்பது எப்படி

ஒரே முகமுள்ள இரட்டையரான அக்காவும் தங்கையும் ஒரு வாரம் இடம் மாறிக்கொள்கிறார்கள். போன இடத்தில் இருவருக்கும் காதல் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு குட்டு வெளிப்படுகிறது, எல்லாரும் சேர்ந்து கேக் வெட்டுகிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வருஷா வருஷம் எடுக்கப்படும் இந்த வகைப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் சபை வாலிபர் சங்கத்துக்குக் கிறிஸ்துமஸ் குறும்படம் எடுத்துத் தருவது என் வேலை. இருபது நிமிடப் படம், ஒரு போன், ஒரு ட்ரைபாட், சம்பளம் வாங்காத நடிகர்கள், அவ்வளவுதான். நீங்களும் இப்படி ஒன்றை எடுக்க நினைத்தால் நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

கதை எழுத உட்காரும்போது, சகோதரிகள் எந்த வேலையை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே முகம் என்கிற வேடிக்கை ஐந்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். அதற்குமேல் படத்தைத் தூக்கி நிறுத்துவது, ஒருத்தியின் அன்றாட வேலையை இன்னொருத்தி செய்யத் தெரியாமல் செய்வது. அந்த வேலை உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நான் கோலார் தங்கவயலில் தையல்காரர் வீட்டில் பிறந்தவள். அதனால் என் கதையில் அக்கா பெங்களூரில் மான்யதா டெக் பார்க்கில் கணக்குப் பார்க்கிறாள், தங்கை தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் அம்மாவின் தையல் கடையை நடத்துகிறாள். இரட்டையர்தான், ஆனாலும் ஐந்து நிமிடம் முன்னால் பிறந்தவள் நம் வீட்டில் அக்காதான். தங்கை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக எழுதிவிடாதீர்கள்.

இடம் மாற வலுவான காரணம் வேண்டும். அமெரிக்கப் படங்களில் ஒரு பந்தயம் போதும். நம் வீடுகளில் அது செல்லாது, பாட்டி ஒரு கேள்வி கேட்டால் கதை நின்றுவிடும். நான் வைத்த காரணம் இது: சபையின் கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சியான கீத ஆராதனையில் தனிப்பாடல் பாட வேண்டிய அக்காவுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. தங்கை அவளைவிட நன்றாகப் பாடுவாள். ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் கடையைப் பூட்ட முடியாது, ஊர் முழுக்கத் துணி கொடுத்திருக்கிறது. சரி, நீ பாடு, நான் தைக்கிறேன். இருவருக்கும் கெடு 24ஆம் தேதி ராத்திரிதான். கெடு ஒன்றாக இருந்தால் கதை தானாக ஓடும்.

இனி காதல். இந்த வகைப் படத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான், இதில் அவசரப்படாதீர்கள். காதலன் அழகைப் பார்த்து மயங்குவதாக எழுதினால், அதே முகத்தை இத்தனை நாள் பார்த்தும் ஏன் மயங்கவில்லை என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அவன் கவனிப்பது கையை. பக்கத்தில் துணிக்குப் பொத்தான் துளை போடும் காஜா கடைக்காரன், இந்தப் பெண் தையல் மிஷினின் அடிநூல் உருளையான பாபினில் நூலைத் தளர்த்தியாகச் சுற்றுவதை முதல் நாளே பார்த்துவிடுகிறான். அளவு ஜாக்கெட்டை மேசைமேல் விரித்து, தங்கை டேப்பால் அளக்கிற இடத்தில் இவள் எல்லா அளவையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதுகிறாள். இவள் வேறு ஆள் என்று அவனுக்குப் புரிகிறது. கேட்கவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும்போது, இறுக்கமாகச் சுற்றிய பாபின்கள் வரிசையாக மேசைமேல் இருக்கின்றன. இந்த ஒரு காட்சிக்கு வசனமே வேண்டாம். அதேபோல் பெங்களூரில் கீபோர்டு வாசிக்கிறவன், தங்கையின் குரல் மேல் ஸ்தாயியில் சிரமப்படுவதைக் கேட்டு, யாரிடமும் சொல்லாமல் சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசிக்கிறான். ஒருவர் சிரமத்தை இன்னொருவர் சத்தமில்லாமல் குறைப்பதைக் காட்டுங்கள், காதல் என்ற சொல்லே தேவைப்படாது.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். அவன் தன் மனதைச் சொல்வதற்கு முன்பே, அவள் தான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவள் உண்மையில் யார் என்று தெரியாமலே ஒருவனை "உன்னைப் பிடித்திருக்கிறது" என்று சொல்ல வைத்து, அப்புறம் உண்மையை உடைப்பது சிரிப்பு அல்ல, வலி. எங்கள் ஹாலில் முன்வரிசையில் உட்காரும் அம்மாமார்கள் அதை மன்னிக்க மாட்டார்கள், எனக்கும் அது சரியாகப் படவில்லை.

படமெடுப்பதற்கு வருவோம். இரட்டையர் கிடைத்தால் பாக்கியம். இல்லையென்றால் ஒரே பெண்ணை வைத்து டபுள் ஆக்‌ஷன்தான். தமிழ் சினிமாவில் 1940இலேயே பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டுவிட்டார். ஃபிலிம் காலத்தில் லென்ஸின் பாதியை மூடி ஒரு பக்கத்தை எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி மறுபாதியை எடுப்பார்கள். நாம் செய்யப்போவதும் அதே வித்தை. போனை ட்ரைபாடில் மாட்டி, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள். பிறகு போனைத் தொடவே கூடாது. இடப்பக்கம் அக்காவாக ஒரு முறை, உடை மாற்றி வலப்பக்கம் தங்கையாக ஒரு முறை. நடுவில் ஒரு கதவுச் சட்டமோ பீரோ ஓரமோ இருக்கும்படி வைத்துக்கொண்டால், எடிட்டிங்கில் மாஸ்க் போட்டு, அதாவது ஒவ்வொன்றிலும் வேண்டாத பாதியை மறைத்து, இரண்டையும் இணைக்கும்போது கோடு தெரியாது. கையும் நிழலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

பார்வை தவறினால் எல்லாம் போச்சு. எதிரே அதே உயரமுள்ள தோழியை நிற்கவைத்து, அவள் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். முதல் முறை எடுத்த வசனத்தை இரண்டாம் முறை காதில் சின்ன இயர்போன் வைத்து ஓட்டினால், பதில் சரியான நேரத்தில் விழும். தலைமுடி இயர்போனை மறைத்துவிடும். அந்தத் தோழிக்கே அதே ஜடை போட்டுவிட்டால், முதுகுப்பக்கம் காட்டுகிற காட்சிகளுக்கும் கைக்குக் கை தட்டு மாறுகிற நெருக்கக் காட்சிக்கும் அவளே டூப். இணைப்புக் காட்சிகள் படத்தில் மூன்றோ நான்கோ இருந்தால் போதும், மற்றதெல்லாம் சாதாரணமாக எடுக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், உடை மாற்றுவதற்குள் மேகம் வந்துவிடும். திரையை இழுத்து மூடி விளக்கில் எடுங்கள்.

சீரியல் பல்பும் நட்சத்திர விளக்கும் கேமராவில் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 பிரேமில், ஷட்டரை 1/50 நொடி வைத்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பனிக்காக ஏங்க வேண்டாம். அந்த அமெரிக்கப் படங்களில் பலவே கனடாவில் வான்கூவர் பக்கம் கோடையில், செயற்கைப் பனி கொட்டி எடுக்கப்படுபவை. பெங்களூர் டிசம்பருக்கு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போதும். அச்சு முறுக்கு எண்ணெயில் அச்சிலிருந்து கழன்று விழுவதை நெருக்கத்தில் எடுங்கள், கலகலா பலகாரத்தைக் குழந்தைகள் வெட்டுவதை எடுங்கள். அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள், டிசம்பரில் கொயர் என்கிற பாடகர் குழுவின் பயிற்சியும் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸும் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அக்டோபரில் கடையில் நட்சத்திரம் வந்திருக்காது, போன வருஷத்து நட்சத்திரத்தைப் பரணிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் வருகிற ரயில் இந்தக் கதையில் கட்டாயம் வேண்டும். 2001இல் தங்கச் சுரங்கம் மூடியபின், ஆட்களைப் பெங்களூர் வேலைக்குக் கொண்டுவந்து எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போடுவது அந்த ரயில்தான். ஆனால் ஸ்டேஷனில் படமெடுக்க ரயில்வே அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் தண்டவாளச் சத்தமும் மடியில் ஒரு டிபன் பாக்ஸும் போதும், பார்க்கிறவர்கள் ரயிலைத் தாங்களே நினைத்துக்கொள்வார்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய தங்கவயல் சயனைடு மண்மேடுகளில் ஏறி எடுக்க ஆசை வரும். வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

பாட்டுக்குப் பழைய கீர்த்தனைகளே நல்லது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறைந்தார், அவர் பாடல்களுக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. யாரோ வெளியிட்ட ஆடியோவை மட்டும் எடுத்து ஒட்டாதீர்கள், ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. உங்கள் கொயரையே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, கன்னட சப்டைட்டில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் ஹாலுக்கு வருவார்கள். கன்னடக்காரர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கிவிட்டு, 23ஆம் தேதியே ஹால் புரொஜெக்டரில் ஒருமுறை முழுசாக ஓட்டிப் பாருங்கள். போன் திரையில் தெரிந்த இரவுக் காட்சிகள் அங்கே கறுப்பாகப் போய்விடும், எடிட்டிங்கில் வெளிச்சத்தை ஏற்றிப் படத்தை மறுபடி ஃபைலாக எடுத்துவர ஒரு ராத்திரி கையில் இருக்க வேண்டும்.