ஃபியூஸ் போன டியூப் லைட்டுக்குப் புது டியூப் வந்த அட்டையே உறை

புது டியூப் லைட் வந்த அட்டை உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கழற்றிய பழைய டியூபை அதிலேயே நுழைத்து, இரு முனையிலும் டேப் ஒட்டி, மேலே ‘பாதரசம் – உடைக்காதே’ என்று எழுதிவிடுங்கள். சி.எஃப்.எல். பல்புக்கும் இப்படியே ஒரு அட்டைப்பெட்டி. சேலம் மாநகராட்சி வண்டி வரும்போது குப்பையோடு கொட்டாமல், தனியாகக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு சி.எஃப்.எல்.லில் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான். ஆனால் கண்ணாடி உடைந்தால் அது ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். முதலில் சுவாசிப்பது தூய்மைப் பணியாளர். முழுசாகப் போனால்தான் மறுசுழற்சியில் பாதரசத்தையும் கண்ணாடியையும் பிரித்தெடுக்க முடியும். 2016 மின்னணுக் கழிவு விதிகளிலேயே இந்த விளக்குகள் சேர்க்கப்பட்டுவிட்டன.

குண்டு பல்புக்கு இது தேவையில்லை, காகிதத்தில் சுற்றினால் போதும். எல்.இ.டி.யிலும் பாதரசம் இல்லை, ஆனாலும் மின்னணுக் கழிவோடுதான் சேர வேண்டும்.

ஏற்கெனவே உடைந்துவிட்டால் அட்டை உறை உதவாது. ஏற்காட்டுக் குளிராக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, 10 நிமிடமாவது கழித்து உள்ளே போங்கள். துடைப்பம், வாக்யூம் கிளீனர் இரண்டுமே கூடாது, பாதரசத்தைப் பரப்பிவிடும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் வழித்தெடுத்து, பொடியை டேப்பில் ஒற்றி, மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள்.