பழைய ஐரோப்பியப் பேய்ப்படமா? முதலில் பிரதியைப் பாருங்கள்

ஜகன்மோகினியில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்ததை ரசித்தவர்கள், 70களின் இத்தாலியப் பேய்ப்படத்தை 'மொக்கை' என்று பாதியில் அணைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு படத்தில் இல்லை, கையில் கிடைத்த பிரதியில்.

ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். தாரியோ அர்ஜென்டோவின் 'டீப் ரெட்' (1975) இத்தாலியில் 127 நிமிடம். வெளிநாட்டுக்குப் போன ஆங்கிலப் பிரதியில் ஏறத்தாழ 20 நிமிடம் காணாது. 122 என்று காட்டினால் பதற வேண்டாம். ஐரோப்பிய டிவிடியில் விநாடிக்கு 24 பிரேம் 25 ஆக ஓடுவதால் 100 நிமிடப் படம் 96இல் முடியும், குரலும் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். முழுப் பிரதியில் ஆங்கிலப் பேச்சு திடீரென்று இத்தாலியனுக்குத் தாவினால் டிஸ்க் கெட்டுவிடவில்லை. வெட்டுப்பட்ட காட்சிகளுக்கு ஆங்கில ஒலி இல்லை, அவ்வளவுதான். சப்டைட்டிலை முன்பே போட்டு வையுங்கள்.

அடுத்தது அகலம். 2.35க்கு 1 என்று எடுத்த படத்தைப் பழைய டிவிக்காக 4க்கு 3 ஆக நறுக்கினால் 43 சதவீதக் காட்சி போய்விடும். 'டீப் ரெட்'டில் முக்கியமான துப்பு ஒன்று தொடக்கத்திலேயே கண்முன் வந்து போகும். நறுக்கிய பிரதியில் அந்த விளையாட்டே கெட்டுப்போகும்.

டிவியின் பிக்சர் மோடில் 'விவிட்' வேண்டாம், 'மூவி' வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சினிமாவும் டிவி சீரியல் மாதிரி ஆகிவிடும். சேலம் வெயிலில் ஃபேன் ஐந்தில் சுற்றும்போது 'சஸ்பீரியா'வில் (1977) காப்ளின் இசைக்குழுவின் கிசுகிசுப்பு காதில் விழாது. ஹெட்போன் போடுங்கள்.

உதடு ஒட்டவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. அன்றைய இத்தாலியில் பேச்சைப் பிறகு ஸ்டூடியோவில்தான் பதிவார்கள். நடிகர்கள் செட்டில் அவரவர் மொழியில் பேசுவதும் உண்டு. ஆகவே இத்தாலிய ஒலியும் டப்பிங்தான்.

எங்கே தொடங்குவது? மாரியோ பாவாவின் கறுப்பு வெள்ளை 'பிளாக் சண்டே' (1960), பிறகு அவருடைய 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' (1964). இரண்டாவதில் கதையை விட்டுவிட்டு, சிவப்பு, பச்சை விளக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனியுங்கள். இரண்டாவது மாதிரியான கொலை மர்மப் படங்களுக்கு 'ஜாலோ' என்று பெயர், இத்தாலியனில் மஞ்சள். 1929 முதல் மஞ்சள் அட்டையில் வந்த துப்பறியும் நாவல்கள் கொடுத்த பெயர், நம் பாக்கெட் க்ரைம் நாவல்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. அதே வாரம் சேலம் ஏற்காடு சாலை மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் 'வல்லவன் ஒருவன்' (1966) பாருங்கள். அவசரமாக, கச்சிதமாகப் படம் எடுக்கும் புத்தி இரண்டு ஊருக்கும் பொது.

நரமாமிசப் படங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 'கேனிபல் ஹோலோகாஸ்ட்'டில் (1980) விலங்குகளை நிஜமாகவே கொன்றிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் விடுவதால் நஷ்டமில்லை.

ஏற்காட்டுப் பனியில் கிடந்த வீடியோ கேசட் கிடைத்தால் உடனே டெக்கில் செருகாதீர்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அது ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.